பூஜ்ஜியத்தில் நின்ற கப்பல்

அலுவலகத்தில் அவளுக்குக் கனவுக்காரி என்று பெயர். கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவாள். ஆனால் வேலையில் கெட்டி. மாலுமிகளின் குடும்பத்தார் பார்ப்பதற்காகக் கப்பல் கம்பெனி வைத்திருக்கும் வரைபடப் பக்கம் அவள் எழுதியது. கப்பல் எங்கே என்று கேட்டால் சர்வர் ஒரு நீண்ட எழுத்துச் சரத்தை ஜேசன் என்கிற வடிவில் அனுப்பும். அவளுடைய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதைப் பிரித்து, அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எடுத்து, நீலக் கடலில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். அந்தப் புள்ளிகளில் ஒன்றில்தான் அவள் புருஷன் இருந்தான்.

அவன் போன கடலில் புயல் வந்த வாரம் அந்தப் புள்ளி கடலின் நட்டநடுவில் போய் நின்றது. அப்புறம் நகரவேயில்லை. மாமியார் காலையில் பல்கூட விளக்காமல் வந்து பார்த்து, "நல்லாத்தான் நிக்குது" என்று சிரித்துவிட்டுப் போவார்.

கனவுக்காரிக்கும் அந்த இடம் பிடித்துப்போயிற்று. அங்கே காற்றே கிடையாது, தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கிறது, அவன் கம்பியில் சாய்ந்துகொண்டு வாய்க்கு வந்ததை ராகமில்லாமல் பாடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். வேலை தெரிந்தவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்க விடவில்லை என்பதுதான் நிஜம்.

ஒருநாள், தெரிந்த மாலுமி ஒருவரின் மனைவி போன் செய்தாள்.

"எங்க வீட்டுக்காரர் கப்பலும் உங்க வீட்டுக்காரர் கப்பல் நிக்கிற அதே இடத்துல நிக்குதுங்க. ரெண்டு பேரும் சேந்துதான் இருக்காங்களா?"

கனவுக்காரி போனை வைத்துவிட்டுச் சர்வரின் பதிலைத் திறந்து பார்த்தாள். இரண்டு கப்பலுக்கும் இடத்துக்கு நேரே null, அதாவது மதிப்பே இல்லை, என்று இருந்தது. தெரியாது என்று சர்வர் நேர்மையாகத்தான் சொல்லியிருக்கிறது. இவள் எழுதிய ஒற்றை வரிதான் அதை எண்ணாக்கப் போய்ப் பூஜ்ஜியமாக்கி, பூஜ்ஜிய ரேகைகள் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கப்பல்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. சேதி வராத கப்பல் எல்லாம் அங்கேதான் கூடும்.

திருத்துவது ஒரு நிமிட வேலை. திருத்தினால் புள்ளி போய்விடும், மாமியாரின் சிரிப்பும் கூடவே போய்விடும். கை வரவில்லை. ஆனால் போனில் கேட்ட குரல் காதைவிட்டுப் போவேனா என்றது. திருத்தினாள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உண்மையையும் சொன்னாள்.

மறுநாள் காலை, புள்ளி இருந்த கடல் வெறுமனே கிடந்தது. கீழே 'இன்னும் தகவல் இல்லை' என்று ஒரு வரி. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அத்தை, அது நான் பண்ண தப்பு. அந்தப் புள்ளி..."

"தெரியும்மா. புயல்ல ஒரு கப்பல் அத்தன நாள் அசையாம நிக்குமா? நீ அதப் பாத்துட்டுத்தான் ரெண்டு வாய் சாப்பிட்ட. அதான் நானும் சிரிச்சு வச்சேன்."

அவள் உடைந்து அழுதாள். மாமியார் நாற்காலியை இழுத்து அவளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, கண்ணத் தொடச்சுக்க. அந்தச் சர்வர இன்னொரு தடவ கேளு."