பார்படாஸுக்கு இரண்டு டிக்கெட்

மினசோட்டாவில் முப்பது வருடம் பனி அள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் வெண்டல். ஒரே மகன் இறந்து நான்கு மாதமாகியும் அவருக்கு அழுகை வரவில்லை. மருமகள்தான், பேத்தியோடு எங்காவது கடற்கரைக்குப் போய் வரச் சொன்னாள்.

பதினைந்து வயது பிரிட்டா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "பார்படாஸா, அரூபாவா, தாத்தா?"

"உனக்கு எது பிடிக்குதோ அது."

"இதையே எத்தனை தடவை சொல்வீங்க? உங்களுக்கு ஆசையே இல்லையா?"

படத்தில் கடல் நீலமாக இருந்தது, அவ்வளவுதான். "பொய் சொல்ல வரலம்மா. எனக்கு எதுவுமே தோணல."

"எனக்கும்தான். அம்மாவுக்காக நடிச்சுக்கிட்டிருந்தேன்."

அவர் நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்போ அங்க போய்ச் சும்மா உக்காந்திருப்போம். யாருக்கும் சிரிச்சுக் காட்ட வேணாம்."

பிரிட்டா பார்படாஸுக்கு டிக்கெட் போட்டாள். "ஜன்னல் சீட்டு யாருக்கு?"

வெண்டல் சற்று யோசித்தார். "எனக்கு," என்றார்.