ஆரஞ்சு நிறப் பீப்பி

"பிளாஸ்டிக்க வாயில வச்சுகினு ஊதறவங்கல்லாம் பேண்டு செட்டுல நின்னா, அப்பறம் நாங்க திருவிழாக் கடையில பீப்பி வாங்கித்தான் ஊதணும்."

பேண்டு மாஸ்டர் இதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என் ட்ரம்பெட்டின் நுனியில், உதடு வைக்கிற இடத்தில் செருகியிருந்த ஆரஞ்சு நிற மவுத்பீஸைப் பார்த்துச் சொன்னார். செங்கல்பட்டில் ஏரிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஷெட். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. எல்லோரும் சிரித்தார்கள். சாக்ஸபோன் வாசிக்கிற அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் அதைக் கழற்றவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். நைனா, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து கடலுக்குப் போகிறவர். அவர் கையெழுத்துப் போடுவார்; அதுவும் நான் சொல்லிக் கொடுத்தது. அம்மா மீன் விற்கிறாள். செங்கல்பட்டில் நான் படித்த கல்லூரியில் ஒரு பேண்டு இருந்தது. ஆண்களுக்கு ட்ரம்பெட், பெண்களுக்குப் புல்லாங்குழல் என்று யாரோ எப்போதோ பிரித்து வைத்திருந்தார்கள். ட்ரம்பெட் வரிசையில் ஓர் ஆள் குறைந்தது. நான் போய் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

படிப்பு முடிந்து மறைமலைநகரில் வேலை கிடைத்தது. காருக்குள் போகிற பிளாஸ்டிக் பாகங்களைத் தரம் பார்த்து அனுப்புகிற வேலை. வாரம் முழுக்கக் கம்பெனி பஸ், ஞாயிற்றுக்கிழமை பேண்டு செட். கல்யாணம், கோயில் திருவிழா, கடைத் திறப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போகிற செட் அது. அதில் பெண் நான் ஒருத்திதான். கடைசி வரிசையில் நிற்பேன். எங்களுக்கு வெறும் சிவப்புக் கோட்டு. முன்வரிசையில் முதல் ட்ரம்பெட் வாசிக்கிறவருக்கு மட்டும் தோளிலும் மார்பிலும் ஜரிகைப் பட்டை வைத்த கோட்டு. முதல் ட்ரம்பெட் வாசித்தவர் வேலை கிடைத்து துபாய்க்குப் போய்விட்டார். அவருடைய கோட்டு ஷெட்டின் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது.

அந்தக் கோட்டு எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. சித்திரையில் எங்கள் குப்பத்து அம்மன் திருவிழாவுக்கு எங்கள் செட்டைத்தான் பேசியிருந்தார்கள். முதன்முதலில் நான் ட்ரம்பெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குப்பத்துக்குள் நடந்தபோது, வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னா பாப்பா, பொட்டியில வீச்சருவாவா?"

"ட்ரம்பெட் மாமா."

"சாவுக்கு ஊதுவானுங்களே, அதுவா? ஊதி ஊதி வாய் கோணிச்சினா யாரும்மா கட்டிப்பான்?"

அவர்கள் முன்னால் அந்த ஜரிகைக் கோட்டோடு முதல் ஆளாக நடந்து வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மாஸ்டரிடம் கேட்டேன். அவர் முடியாது என்று சொல்லவில்லை. "மொதோ ட்ரம்பெட்டுன்னா ஒதடு தாங்கணும்மா. தாங்குனா பாக்கலாம்" என்றார்.

என் உதடு தாங்கவில்லை. செட்டுக்குச் சொந்தமான ட்ரம்பெட்டோடு வந்த மவுத்பீஸ் மிகப் பழையது. விளிம்பில் இருந்த வெள்ளி முலாம் தேய்ந்து, உள்ளே இருந்த பித்தளை மஞ்சளாகத் தெரியும். ரெண்டு மூன்று பாட்டு வாசித்ததும் மேலுதடு அரிக்கும். பிறகு வீங்கும். வீங்கிய உதட்டோடு மேல் ஸ்தாயிச் சுரங்களைப் பிடிக்க முடியாது, காற்றுதான் வரும்.

"பொம்பள ஒதடு, மெல்லிசா கீது. பித்தளய எப்டி தாங்கும்?" என்றார் சாக்ஸபோன் அண்ணன். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. உண்மையான அக்கறையோடு சொன்னார். அதுதான் எனக்கு அதிகக் கோபம் தந்தது.

வீட்டுக்குப் போனால் அம்மா வேறு மாதிரி ஆரம்பித்தாள். "இப்டி வீங்கிகினு வந்து நிக்கிறியே, யாரு அடிச்சதுன்னு ஊரே கேக்கும்டி. நான் இன்னானு சொல்றது, பீப்பி அடிச்சிடுச்சினா?"

அடுத்த நாள் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் காதைத் தடவிக்கொண்டே வந்தாள். புதுக் கவரிங் கம்மல். காது சிவந்து நீர் கோத்திருந்தது. "முலாம் போயிடுச்சினா எனக்கு ஆவாதுக்கா" என்றாள். எனக்கும் ஆகாது. சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம். கவரிங் போட்டால் காது புண்ணாகும் என்பது எங்கள் குப்பத்தில் காது குத்திய எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரும் காதின் மேல் குற்றம் சொன்னதில்லை. கம்மல் மட்டம் என்றுதான் சொல்வோம்.

பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் என் உதட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம், நான் உட்பட.

உடனே ஒரு முட்டாள்தனம் செய்தேன். கம்மல் தண்டில் நெயில் பாலிஷ் அடித்துப் போட்டால் காது புண்ணாகாது. எல்லாப் பெண்களும் செய்வதுதான். அதையே மவுத்பீஸின் விளிம்பில் செய்தேன். வீட்டில் இருந்தது தங்கையின் ரோஸ் நிற நெயில் பாலிஷ் மட்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டு நன்றாகப் போனது. ரெண்டாவது பாட்டில் வாய் முழுக்கக் கசந்தது. மூன்றாவதில் பாலிஷ் செதில் செதிலாக உரிந்து உதட்டில் ஒட்டிக்கொண்டது.

"ட்ரம்பெட்டுக்கு லிப்ஸ்டிக்காடா!" என்று ஒரு குரல். ஷெட்டே அதிர்ந்தது. மாஸ்டர்கூடத் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சரி, புதியது வாங்கிவிடுவது என்று சென்னையில் இருக்கிற ஒரு வாத்தியக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "தம்பிக்கா மேடம்?" எனக்கு என்றேன். உடனே ரோஸ் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் மவுத்பீஸை எடுத்து வைத்தார். நான் அதைத் தொடாமல், வெள்ளி முலாம் பூசிய புதியது ஒன்றையும், அதே அளவில் இருக்கிற பிளாஸ்டிக்கில் எத்தனை நிறம் உண்டோ அத்தனையும் கேட்டேன்.

ரெண்டையும் மாற்றி மாற்றி ஊதிப் பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன்: உலோகம் நன்றாக இருந்தது. அதில் சுரம் தொடங்குகிற இடம் பளிச்சென்று விழுகிறது. கனமாக இருப்பதால் சத்தம் ஒரு நேர்க்கோட்டில் போகிற மாதிரி இருக்கிறது. பிளாஸ்டிக்கில் தொடக்கம் கொஞ்சம் மழுங்கலாக வரும். விளிம்பு தடிமனாக இருக்கும், வியர்த்தால் வழுக்கும். ஆனால் தொட்டதும் சில்லென்றோ சூடாகவோ இருக்காது, அரிக்காது, கீழே விழுந்தால் நசுங்காது.

தங்க முலாம் பூசியதும் இருந்தது. அது அரிக்காதாம். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்ததோடு சரி. வெள்ளி முலாமும் புதிதாக இருக்கும்வரை அரிக்காதுதான். ஆனால் நான் உப்புக் காற்றில் வளர்ந்தவள். எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள், சைக்கிள் மணி, அம்மாவின் தராசு எல்லாம் என்ன ஆனது என்று பார்த்தவள். எங்கள் கரையில் எந்த முலாமுக்கும் ஆயுசு இல்லை.

பிளாஸ்டிக் என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு செய்ததைப் பார்த்துத்தான் கடைக்காரர் முதல்முறையாக என்னைக் கவனித்தார். ஒவ்வொன்றின் விளிம்பிலும் நகத்தை வைத்து மெல்லச் சுற்றினேன். அச்சில் வார்த்த பாகத்தில், அச்சின் ரெண்டு பாதியும் சேருகிற இடத்தில் ஒரு பிசிறு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். தினமும் என் வேலையே அதுதான். ரோஸ் நிறத்தில் பிசிறு இருந்தது. நீலத்திலும் இருந்தது. கறுப்பும் ஆரஞ்சும் சுத்தம்.

"கறுப்பு எடுத்துக்குங்க மேடம். தூரத்துலேர்ந்து பாத்தா பிளாஸ்டிக்குன்னே தெரியாது" என்றார்.

ஆரஞ்சை எடுத்தேன்.

அதை நைனா பார்த்தபோது வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி இது, வலைக்குக் கட்ற மெதவையாட்டம் கீது?"

"ட்ரம்பெட்டுக்கு நைனா. பிளாஸ்டிக்."

"பிளாஸ்டிக்கா? அது எங்க ஒழைக்கும்?"

"உன் போட்டு இன்னா இரும்பா?"

நைனா கரையில் கிடந்த படகைப் பார்த்தார். "அது ஃபைபரு."

"வலை?"

"நைலானு."

"கயிறு? ஐஸ் பொட்டி?"

"ஏய், நிறுத்துடி. போலீஸ்காரனாட்டம் கேட்டுகினே போறா." கொஞ்ச நேரம் கயிற்றைத் திரித்தார். பிறகு அவராகவே சிரித்தார். "மொதோ மொதோ ஃபைபர் போட்டு வந்தப்ப, நாங்கல்லாம் கட்டுமரத்துல நின்னுகினு கத்துவோம். பாருடா, பக்கெட்டுல ஏறிகினு கடலுக்குப் போறான்னு. இப்ப பக்கெட்டுதான் சோறு போடுது."

இத்தனையும் முடிந்துதான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குப் போனேன். மாஸ்டர் பீப்பி என்று சொன்னது அன்றுதான். சிரிப்பு அடங்கியதும் அவர் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"ரெண்டையும் மாத்தி மாத்தி ஊது. எது எதுன்னு சொல்றேன்."

ஊதினேன். அவர் ஒரு தடவைகூடத் தவறவில்லை. "இது பித்தள. இது பீப்பி. இதுவும் பீப்பி." சாக்ஸபோன் அண்ணன் விசில் அடித்தார்.

"கரெக்ட் மாஸ்டர்" என்றேன். "எனக்கும் கடையிலயே தெரிஞ்சிடுச்சு. பித்தளைல ஆரம்பம் நல்லா வருது. ஆனா இந்தப் பித்தளைல எனக்கு ரெண்டு பாட்டுதான் ஒதடு நிக்குது. திருவிழா ரெண்டு பாட்டா மாஸ்டர்?"

அவர் திரும்பிப் பார்த்தார். கோபமா யோசனையா என்று தெரியவில்லை. "பேச்செல்லாம் நல்லா கீது. முன்வரிசைல பிளாஸ்டிக் நிக்காது. இந்தத் தடவ மொதோ ட்ரம்பெட்டு நானே ஊதிக்கறேன். நீ எங்க நின்னியோ அங்கியே நில்லு."

அப்படியாக எங்கள் குப்பத்துக்கு நான் கடைசி வரிசையில், வெறும் சிவப்புக் கோட்டில்தான் போனேன். ஆரஞ்சைக் கழற்றாமல் போனேன்.

சித்திரை வெயில். அம்மனை ஊர்வலமாகக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். பாதி வழியில், மணல் தொடங்குகிற இடத்தில், அம்மனை இறக்கி வைத்து எல்லோருக்கும் மோர் கொடுத்தார்கள். நாங்கள், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் முதுகில் வாத்தியங்களை வரிசையாக வைத்துவிட்டு நிழலுக்கு ஒதுங்கினோம். மோர் குடித்து முடித்து, கதை பேசி, திரும்பி வர நேரமாகிவிட்டது. அம்மனைத் தூக்குகிறவர்கள் தோள் கொடுத்து எழுந்துவிட்டார்கள். எழுந்தவர்கள் காத்திருக்க முடியாது; பாட்டு உடனே எழ வேண்டும்.

மாஸ்டர் ட்ரம்பெட்டை எடுத்து உதட்டில் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"ஐயய்யோ, சுட்டுடுச்சுடா!"

வெயிலில் கிடந்த பித்தளை. அடுத்தவர் வைத்துப் பார்த்து உதறினார். சாக்ஸபோன் அண்ணன் தண்ணீர்ப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஒருவர் துண்டில் சுற்றி ஊதிக்கொண்டிருந்தார். ட்ரம்ஸ் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தது. தூக்கியவர்கள், "இன்னா மாஸ்டர், ஊதுறியா இல்லியா? தோள் போவுது!" என்று கத்தினார்கள்.

என்னுடையது வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். மாஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஊதினேன். முதல் சுரம் கொஞ்சம் வழுக்கியது. மாஸ்டர் சொன்ன குறை அதுதான், அவர் சொன்னது பொய்யில்லை. ரெண்டாவது சுரம் சரியாக விழுந்தது. ஊதிக்கொண்டே வரிசைகளுக்கு நடுவே நடந்து முன்னால் வந்தேன். அம்மன் அசைந்தாள். வலை பின்னுகிற மாமாக்கள் பக்கத்தில் நின்றார்கள். "அடடே, நம்ம மீன்காரம்மா பொண்ணுடா!" என்று ஒருவர் சொன்னது பாட்டுக்கு நடுவிலும் கேட்டது.

அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து கத்தினாள். "வாயக் கோணிக்காம ஊதுடி!"

கடல் வரைக்கும் நான்தான் முதல் ட்ரம்பெட். கொஞ்ச தூரம் போனதும் மாஸ்டர் சேர்ந்துகொண்டார், எனக்கு இடப்பக்கத்தில். திரும்பும்போது வண்டியில் யாரும் பீப்பியைப் பற்றிப் பேசவில்லை. மாஸ்டர் உதட்டில் எதையோ தடவிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி வந்தார். இனி முன்வரிசை எனக்குத்தான் என்று அவர் சொல்லவில்லை.

அவர் சொல்வார் என்று காத்திருக்கிற எண்ணம் எனக்கு இல்லை. வைகாசியில் கல்பாக்கம் பக்கம் ஒரு கல்யாணம் இருக்கிறது. சென்ற வாரம் பயிற்சி முடிந்ததும், எல்லோர் கண் முன்னாலும், ஆணியில் தொங்கிய ஜரிகைக் கோட்டை எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். மாஸ்டர் பார்த்தார். "அது உனக்குப் பெருசும்மா" என்றார்.

பெரிதுதான். செங்கல்பட்டு கடைத்தெருத் தையற்காரரும் அதையேதான் சொன்னார். தோளில் ரெண்டு பக்கமும் வெட்டி எடுக்க வேண்டும், எடுத்தால் இதைத் திரும்ப ஓர் ஆம்பளை போட முடியாது, பரவாயில்லையா என்று கேட்டார். வெட்டுங்கள் என்றேன். கத்தரி ஜரிகையைத் தாண்டி உள்ளே போகிற வரைக்கும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.