மணி அடிக்காத சாயங்காலம்

பதினெட்டு வயது முடிந்ததும் காப்பகத்திலிருந்து வெளியே வந்து, ஈஜிபுராவில் ஒற்றை அறைக்குக் குடிபோனேன். எனக்கு முன்பே காப்பகத்தை விட்டு வந்திருந்த ஸ்டெல்லா அக்கா அன்று சாயங்காலம் பார்க்க வந்தார். நான் சாதமும் ரசமும் செய்து மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் சாப்பிடலையா?"

"மணி அடிக்கலையே அக்கா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். காப்பகத்தில் மணி அடித்தால்தான் சாப்பாடு.

அக்கா சிரிக்கவில்லை. "நானும் இப்படித்தான் உக்காந்திருந்தேன்டி. உனக்குப் பசிக்குதா, அதைச் சொல்லு."

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்தேன். நன்றாகவே பசித்தது.

இப்போதெல்லாம் காப்பகத்திலிருந்து வெளியே வரும் பெண்களை முதல் நாளே நான் போய்ப் பார்க்கிறேன். தட்டில் எதையும் பரிமாறுவதில்லை. "பசிக்குதா?" என்று கேட்டுவிட்டு, அவர்களே பதில் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.