பார்வை நேரம் முடிந்த பின்

பேயாவது, பிசாசாவது என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். இது நடந்தது. யாருக்கு நடந்ததோ, அந்த டாக்டர் பெண்ணுக்குக் கதை கட்டவே வராது.

நல்ல பட்டப்பகல். மணி மூன்றே கால். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு. காலையில் கார் விபத்தில் அடிபட்ட ஆறு வயதுச் சிறுமி, மயக்க மருந்தில், வாயில் குழாயோடு கிடந்தாள். வயிறு உப்பிக்கொண்டே வந்தது. உள்ளே அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் நின்றுபோகும், மூச்சும் நிற்கும். அப்படி ஏறினால் உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும். மூத்திரக் குழாயோடு இணைத்த அளவுக் குழலில் நீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து அழுத்தத்தை அளப்பார்கள். குழலின் பூஜ்ஜியக் கோடு குழந்தையின் இடுப்புக்கு நேராக இருக்க வேண்டும்.

நீர் கொஞ்சம்தான் ஏறியிருந்தது; அழுத்தம் அதிகமில்லை என்று அர்த்தம். ஆனால் வயிறு... தொட்டால் பலகை.

சர்ஜனைக் கூப்பிடலாமா? டாக்டர் போன வாரம் வீணாகக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டவள். கூப்பிடவில்லை.

நிமிர்ந்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். குழந்தையின் வயிற்றில் கை வைத்திருந்தாள். பார்வை நேரம் எப்போதோ முடிந்திருந்தது. காலில் செருப்பில்லை. ஒரு பக்கத்து முடி மட்டும் ஈரமாய் ஒட்டியிருந்தது...

"கட்டிலை இறக்குனீங்க. அதை இறக்கலையே," என்றாள், குழலைக் காட்டி.

டாக்டருக்குச் சுருக்கென்றது. "டாக்டர் நீங்களா, நானா? வெளியே போங்க."

போய்விட்டாள். எப்போதும் கிறீச்சிடும் கதவு... சத்தமே போடவில்லை.

வந்தவள் சொன்னது சரி என்று அப்போதே தெரியும். பரிசோதிக்க வசதியாகக் கட்டிலை இறக்கியது டாக்டரேதான். குழல் கம்பத்தில் பழைய உயரத்திலேயே நின்றுவிட்டது; அதனால்தான் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டியது. ஆனாலும் வீம்பு. பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை நினைத்தால் இன்றும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பையில் ஒரு சொட்டுகூடச் சேரவில்லை.

குழலை இறக்கினாள்.

நீர் விறுவிறுவென்று... ஏறியது.

சர்ஜன் ஓடிவந்தார். வயிற்றைத் திறந்தார்கள். குழந்தை பிழைத்தது.

சாயங்காலம் குழந்தையின் அப்பாவிடம் போய், உங்கள் மனைவியிடம் கடுமையாகப் பேசிவிட்டேன், மன்னிக்கச் சொல்லுங்கள் என்றாள்.

அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். "அவ ரோட்டுலயே போயிட்டாளே, டாக்டர். காலையில இருந்து பிணவறையில இருக்கா."

ஆள் மாறியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

சில நாள் கழித்து வாய்க்குழாயை எடுத்தார்கள். சிறுமி டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரகரத்த குரலில் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மாவ ஏன் வெளியே போகச் சொன்னீங்க? அப்புறம் வரவே இல்லை."