திறக்க மாட்டேன் என்ற சாவிக்காரர்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன். இருந்தாலும் இந்த ஊரில் பாதி வீட்டுக்கு இரும்புக் கதவு என் பட்டறையில் அடித்ததுதான். எந்த அரசாங்கமும் எனக்கு ஓர் ஆணி எடுத்துக் கொடுத்ததில்லை. அதனால் எனக்கு வாயும் கொஞ்சம் நீளம்.

என் மனைவியின் தம்பிக்கு அந்த வாய் கிடையாது. அவர் சாவிக்காரர். கடைத்தெரு முனையில் ஒரு குடை, ஒரு மேசை, மேலே சாவி வெட்டும் மெஷின். மெஷின் கத்துவதே போதும் என்று இருந்துவிட்டார் போல, பேச்சே வராது. ஆனால் ஒரு பிடிவாதம். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்காமல் எந்தக் கதவிலும் கை வைக்க மாட்டார்.

போன மாதம் நகராட்சி ஜீப் அவர் முன்னால் வந்து நின்றது. ஒரு வீட்டு மாடியில் அனுமதியில்லாமல் அறை கட்டியிருக்கிறார்களாம், உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமாம். வீட்டுக்காரம்மா மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போயிருக்கிறார். கதவு பூட்டிக் கிடக்கிறது.

"வாய்யா, வந்து திறந்து விடு" என்றார் அதிகாரி.

"அவங்க வரட்டும் சார். இல்லேன்னா கோர்ட்டு உத்தரவு காட்டுங்க."

"உத்தரவா? நானே வந்து நிக்கறேன்ல, அப்புறம் என்ன?"

"நீங்க நிக்கறீங்க சார். வீடு உங்களுது இல்லையே."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினை. மறுநாளே, நடைபாதையை ஆக்கிரமித்தார் என்று சொல்லி மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்துப் பழக்கடையும் செருப்புக்கடையும் அதே நடைபாதையில்தான் இருக்கின்றன. அவை கண்ணில் படவில்லை.

எனக்கு வயிறு எரிகிறது. ரோடு போடு, திருடனைப் பிடி, வழக்கைத் தீர்த்து வை. அரசாங்கத்துக்கு வேலை அவ்வளவுதான். என் வீட்டில் எத்தனை அறை என்று எண்ண அவன் யார்? அரசியல் சட்டத்தை என்னை அடக்கவா எழுதினார்கள்? நாற்காலியில் உட்காருகிறவன் எதுவரை போகலாம் என்று கோடு போடத்தான் எழுதினார்கள். அந்தக் கோட்டை அவனே காலால் அழித்தால் எவனிடம் போய்ச் சொல்வது? வக்கீலைக் கேட்டேன். "கேஸ் போடலாம்ணே. தீர்ப்ப உங்க பேரன் வந்து வாங்கிப்பான்" என்றார்.

என் மனைவிக்குத் தம்பி மேல்தான் கோபம். "ஒரு கதவ திறந்து விட்டிருந்தா என்னடா கொறைஞ்சு போயிருப்பே? புள்ளைங்களுக்கு உன் நியாயத்தையா பொங்கிப் போடுவே?"

"இன்னைக்கு இவருக்குத் திறந்தா, நாளைக்கு எவன்க்கா என்னை நம்பிச் சாவியக் கையில குடுப்பான்?"

கடைசியில் நானே அவரை அழைத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனேன். நான் பேசி ஆகாத காரியம் இந்த ஊரில் கிடையாது. அன்று வரைக்கும் கிடையாது. அதிகாரி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"மெஷின் தர்றோம் பெரியவரே. இனிமே நாங்க கூப்பிட்டா வந்து திறக்கணும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

சொல்லித் தொலையேன் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"வேணாம் மாமா, வாங்க" என்றார் மைத்துனர்.

பின்பக்கம், பிடித்து வைத்த தள்ளுவண்டிகளுக்கு நடுவே, மெஷின் வெட்டவெளியில் கிடந்தது. வானம் கறுத்திருந்தது. என் ஸ்கூட்டரில் இருந்த பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துக்கொண்டு அவர் ஓடினார். காவலாளி குறுக்கே வந்தார்.

"தொடக்கூடாதுங்க. பறிமுதல் பண்ணது."

"தொடலண்ணே. மூடி மட்டும் விட்டுடறேன், மழை வருது."

"மூடறதுக்கும் சார்கிட்ட கேக்கணும்."

"அப்ப நீங்களே கேட்டுட்டு மூடுங்க" என்று ஷீட்டை அவர் கையில் கொடுத்தார் மைத்துனர்.

காவலாளி அதை வைத்துக்கொண்டு மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். சார் அதற்குள் சாப்பிடக் கிளம்பிவிட்டார். தூறல் மெஷின் மேல் விழ ஆரம்பித்தது.