ஒரு முந்தானையில் மூன்று தலை

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். துணிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன், தீப்பெட்டிக்குக்கூடத் தட்டுப்பாடு. சித்தூர் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. வயது இருபத்திரண்டு. வேலூரிலிருந்து ரயிலேறி வந்தவள். காலில் சக்கரம், கையில் ஆர்மோனியப் பெட்டி, வாயில் எந்நேரமும் அடுத்தவருக்குப் புத்தி சொல்லும் பழக்கம். முதல் இரண்டும் இந்த வயதிலும் என்னோடு இருக்கின்றன. மூன்றாவது ஒரு பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் கழன்று விழுந்தது. அந்த நாளைத்தான் சொல்ல வந்தேன்.

ஞாயிறு காலையில் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பது என் வேலை. ஆராதனைக்கு முன்னால், சபைக்குப் புதிதாக வந்த பெண்களுக்கு வேதபாடம் சொல்லித்தருவதும் என் வேலை. வந்தவர்களின் பெயருக்கு நேரே நோட்டில் ஒரு கோடு போடுவேன். வராதவர்களுக்கு ஒரு சுழி.

அந்த நோட்டில் மூன்று பெண்கள் இருந்தார்கள். புளி மண்டிக்குப் பின்னால் ஒட்டி ஒட்டி நின்ற மூன்று குடிசைக்காரிகள். ஒருத்தி நல்ல நெட்டை; கோயில் வாசலில் குனிந்துதான் நுழைவாள். அடுத்தவள் அவளுடைய நாத்தனார். அண்ணிக்கு எதிராகவே வளர்வதை நிறுத்திக்கொண்டவள்போல அவ்வளவு குட்டை. மூன்றாமவள் வடமாலபேட்டைப் பக்கத்துக்காரி. வார்த்தையைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள். நெட்டையை அண்ணி முறை வைத்து 'வதினெ' என்றுதான் கூப்பிடுவாள். அப்போது அவள் பிள்ளைத்தாச்சி. புருஷன் அஸ்ஸாம் பக்கம் ரோடு போடுகிற கூலிப்படையில் போயிருந்தான்.

மூவருமே மூன்று வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவார்கள். கோடு, சுழி, சுழி. கோடு, சுழி, சுழி. கோலப் புள்ளிபோல நோட்டில் அது அழகாக இறங்கிக்கொண்டே போயிற்று. எனக்கு அழகு தெரியவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒருநாள் குட்டையைப் பிடித்து நிறுத்தி, "சாமி என்ன சந்தையா, தோன்றின வாரத்துக்கு வர்றதுக்கு?" என்று கேட்டேன்.

"மொற வந்தா வரமாட்டமா டீச்சரம்மா?" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். நேரே எங்கள் ஐயரிடம் போனேன். எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். இந்த மூன்று பேருக்கும் ஊக்கம் போதாது என்று சொன்னேன். அவரும் நோட்டைப் பார்த்தார். பங்குனியில் மிஷனின் பெரிய ஐயர் வருகிறார், நற்கருணை அப்பம் வாங்கும் பந்தியில் சேர்கிறவர்களைச் சேர்த்துக்கொள்வார், அன்றைக்கு மூன்று பேரும் ஒரே ஆராதனையில் வந்து நிற்கட்டும், வராதவள் பெயரை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடலாம் என்று தீர்த்து, அவர்களுக்கும் சொல்லியனுப்பிவிட்டார்.

அடுத்த வருஷம் என்றால் லேசாகப் போகிற காரியம் இல்லை. தாய் தகப்பன் இருவரில் ஒருவராவது நற்கருணையில் சேர்ந்திருந்தால்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று அந்தச் சபையில் ஒரு ஒழுங்கு இருந்தது. பிள்ளைத்தாச்சிக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் பேர் வைப்பதற்கு முன்பே மண்ணுக்குப் போய்விட்டன. இந்தப் பிள்ளையையாவது கோயிலில் தண்ணீர் தெளித்துப் பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆசை என்று சொல்வது போதாது. மூச்சு.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும், நானும் ஒரு தடவை கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வரலாமென்று புளி மண்டிக்குப் பின்னால் போனேன். தெருவே புளித்தது. காற்றில் புளி, மண்ணில் புளி, நாக்கை நீட்டாமலே நாக்கில் புளி. மூன்று குடிசைக்கும் பொதுவாக ஒரு வெட்டவெளி. அங்கே நெட்டையும் குட்டையும் ஒரு ஈரப் புடவையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு எதிராக இங்குமங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் உலரவேண்டுமாம். நெட்டை கையைத் தூக்கினால் குட்டையின் கால் தரையைவிட்டு எழும்பும்போல இருந்தது. பிள்ளைத்தாச்சி ஒரு குவியல் புளியின் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து, கொட்டை தட்டிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாம்பழ மஞ்சள் புடவை. அரக்குக் கரை. முந்தானையில் ஒரு சாண் தூரத்துக்குத் தறி தப்பி, அரக்கு நூல் குறுக்கே ஓடி, சின்னப் பிறைபோல விழுந்திருந்தது. நகரியில் நெட்டை நூல் சுற்றும் வேலைக்குப் போயிருந்தபோது, விற்காத புடவை என்று கூலியோடு கொடுத்தார்களாம். அதெல்லாம் பிற்பாடு கேட்டது. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது அந்தப் பிறைதான். போன வாரம் அதைப் பிள்ளைத்தாச்சியின் தோளில் பார்த்திருந்தேன். அதற்கு முந்தின வாரம் குட்டையின் தோளில். அதற்கும் முந்தி நெட்டையின் தலைமேல்.

அவர்கள் உடுத்தியிருந்ததைப் பார்த்தேன். ரேஷனில் கிடைத்த ஒரு பதினெட்டு முழப் புடவையை மூன்றாகக் கிழித்து ஆளுக்கு ஆறு முழம். புளிக் கறையும் ஒட்டுத்துணியுமாக ஆறு முழம். இடுப்பைச் சுற்றும், மாரை மறைக்கும், அதோடு தீர்ந்துபோகும். தலைக்கு எட்டாது. கோயிலிலோ முந்தானையால் முக்காடு போடாத பெண் உள்ளே காலெடுத்து வைக்கமாட்டாள். முழுப்புடவை மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்று. ஆகவே வாரத்துக்கு ஒருத்தி. போனவள் பாடம் முழுவதையும் மனப்பாடமாகக் கொண்டுவந்து, சாயங்காலம் புளி தட்டும்போது மற்ற இருவருக்கும் ஒப்பிப்பாளாம். என் நோட்டின் மூன்று வரிகளையும் சேர்த்துப் படித்திருந்தால் ஒரு வாரம்கூடச் சுழி கிடையாது.

அப்படித்தான் அங்கே எல்லாமே நடந்தது. திருகை ஒரு வீட்டில், பெரிய சட்டி ஒரு வீட்டில், அடுப்பு நெருப்பு ஒரு வீட்டில். காலையில் ஒரு தீக்குச்சிதான் கிழிக்கப்படும். மற்ற இரண்டு வீட்டுக்கும் வறட்டியில் தணல் நடந்துபோகும். கேழ்வரகுக் களி ஒரே சட்டியில் கிண்டி மூன்றாகும். களி இல்லாத நாளில் வறுத்த புளியங்கொட்டை. எனக்கும் ஒரு கை கொடுத்தார்கள். "துன்னு பாருங்க டீச்சரம்மா, பல்லு இருக்கிறவரைக்கும் துன்னலாம்" என்றாள் குட்டை. கல்லை மெல்லுவதுபோல மென்றேன். அதைப் பார்த்து அதற்கும் ஒரு சிரிப்பு.

ஐயரிடம் போய்ச் சொன்னது நான்தான் என்று மென்றுகொண்டே சொன்னேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்கதானா!" என்றாள் நெட்டை. "நாங்க ஐயருக்கு ஏதோ தரிசனம் வந்துட்டுதுன்னு பயந்துக்கினு கெடந்தோம்!"

என்னிடம் இருந்த நாலு புடவையில் இரண்டைக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். சிரிப்பு நின்றது.

"வேணாம்மா" என்றாள் நெட்டை. "உங்க பொடவய கட்டிக்கினு போனா, டீச்சரம்மா பொடவ வருது பாருன்னுதான் சனம் பாக்கும். எங்கள யாரு பாப்பாங்க? ஐயருகிட்டயும் மூச்சு வுடாதீங்க. தர்மத்துக்குப் பொடவ வந்தா அதும் பின்னாலயே பேச்சும் வரும்."

"அப்போ நான் என்னதான் செய்யட்டும்?"

பிள்ளைத்தாச்சி புளிக் கையை முழங்காலில் துடைத்துக்கொண்டாள். "நீங்க அந்தப் பெட்டிய வாசிக்கிறீங்க கதா? கொஞ்சம் இழுத்து வாசிங்க, சாலு."

போதுமாம். திட்டம் அங்கேயே தயாராகிவிட்டது. ஆராதனையில் ஒவ்வொருவராகத்தான் பேர் சொல்லி அழைப்பார்கள். கேள்விக்குப் பதில் சொல்லி, முழந்தாள் போட்டு, எழுந்து போகவேண்டும். அடுத்த பேருக்கு முன்னால் பாட்டில் ஒரு சரணம். பீடத்துக்குப் பக்கத்திலேயே கோயில் மணியின் கயிறு தொங்கும் சின்ன அறை இருந்தது. வெளியிலிருந்தும் அதற்கு ஒரு வாசல் உண்டு. நெட்டை முதலில் போய், அந்த அறைக்குள் வந்து புடவையை அவிழ்த்துக் கொடுக்க, குட்டை கட்டிக்கொண்டு போக, அதன்பின் பிள்ளைத்தாச்சி. அவர்களுக்கு வேண்டியது நேரம். நேரம் என் கையில் இருந்தது, அதுவும் துருத்தி வைத்துத் தைத்த பெட்டிக்குள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெரிய ஐயர் வயதான வெள்ளைக்காரர். அவருடைய தமிழ் கூழாங்கல் உருளுவதுபோல உருளும். முதல் பேர் நெட்டையுடையது. மஞ்சளில் ஒரு தென்னைமரம் நடந்துவந்ததுபோல வந்தாள். புடவை அவளுக்குக் கணுக்காலுக்கு மேலேயே நின்றது. கேட்ட கேள்விக்கெல்லாம் கணீரென்று பதில். எழுந்தாள், மணி அறைக்குள் போனாள். நான் சரணத்தை ஆரம்பித்தேன். முடிந்தது. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். சபை சற்றுத் தடுமாறி, பின்னாலேயே பாடியது. கதவு திறந்தது. குட்டை வந்தாள். அதே மஞ்சள், இப்போது இடுப்பில் மூன்று மடிப்பாக உருண்டு, ஒரு சின்னப் பூசணிபோல.

அவளும் பதில் சொல்லி உள்ளே போனாள். மூன்றாவது முறைதான் கஷ்டம். வயிற்றோடு புடவை கட்டுவது சுலபமா? சரணத்தை இரண்டாம் தடவை வாசித்தேன். மூன்றாம் தடவை வாசித்தேன். எங்கள் ஐயர் என் பக்கம் குனிந்து, "பாட்டு முடிஞ்சுதும்மா" என்று முணுமுணுத்தார். காது கேளாதவள்போலக் கண்ணை மூடி, நாலாம் தடவை ஆரம்பித்தேன். அப்போது கோயில் மணி ஒரே ஒரு தடவை 'டாங்' என்று அடித்தது. உள்ளே யாரோ கால் தடுக்கிக் கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள். பெரிய ஐயர் கூரையைப் பார்த்தார். சபையே கூரையைப் பார்த்தது. அந்த இடைவெளியில் பிள்ளைத்தாச்சி ஒரு கையால் கொசுவத்தைச் செருகிக்கொண்டே பீடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

அவள் பதில் சொன்னபோது குரல் நடுங்கியது. ஆனால் சொன்னாள். எனக்கு என் விரல்களையே முத்தமிடவேண்டும்போல இருந்தது. தீர்ந்தது, ஜெயித்தாயிற்று என்று நினைத்தேன்.

பெரிய ஐயர் அப்பத்தைக் கையில் எடுத்தார். பிறகு, "மூன்று சகோதரிகளும் சேர்ந்து வாருங்கள்" என்றார்.

இதை நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. வேலூரில் வருஷாவருஷம் பார்த்த நான்கூட மறந்திருந்தேன். கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்றுதான் அப்பம் வாங்கவேண்டும். என் கை நின்றது. பெட்டி பெருமூச்சு விட்டு அடங்கியது. மணி அறைக் கதவு அசையவில்லை. எங்கள் ஐயர் முகத்தில் கேள்வி ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் இரண்டு பெயர்கள் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும். அதற்குக் காரணம் நான்.

பிள்ளைத்தாச்சி திரும்பிப் பார்த்தாள். மெதுவாக, பீடத்துக்கு முன்னாலேயே, கொசுவத்திலிருந்து ஒரு மடிப்பை உருவினாள். இன்னொன்று. முந்தானை நீண்டது. அதைத் தன் தலையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் பந்தலைப்போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "ராண்டி!" என்று கூப்பிட்டாள். "வா வதினெ, எடம் இருக்குது!"

வந்தார்கள். புளிக்கறை ஆறு முழத்தோடு, தலையில் ஒன்றுமில்லாமல், ஒரே ஓட்டமாக வந்து இரண்டு பக்கமும் நுழைந்துகொண்டார்கள். மூன்று தலைக்கும் ஒரு முக்காடு. நெட்டை முழங்காலை மடித்தாள், குட்டை குதிகாலை உயர்த்தினாள், நடுவில் வயிற்றுப்பிள்ளைக்காரி. அரக்குப் பிறை மூவருக்கும் மேலே சரியாக நடு உச்சியில்.

பெண்கள் பாயிலிருந்து முதலில் ஒரு களுக். அப்புறம் இன்னொன்று. அப்புறம் கோயிலே சிரித்தது. முந்தானைக்குள்ளிருந்துதான் சிரிப்பு அதிகம் வந்தது. மஞ்சள் துணி குலுங்குவதைப் பார்த்தேன். பெரிய ஐயர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மூவருக்கும் அப்பம் கொடுத்தார். பிறகு ஆசீர்வாதத்துக்குக் கையை நீட்டி, எந்தத் தலையில் வைப்பது என்று ஒரு கணம் யோசித்து, அந்தப் பிறையின்மேல் வைத்தார். ஒரே கை, மூன்று தலைக்கும்.

அன்றைக்கே என் நோட்டை எங்கள் ஐயரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைத் திறக்காமல் மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

அதற்குப்பிறகு அவர்கள் முறை வைப்பதை விட்டுவிட்டார்கள். வாராவாரம் மூவருமே வந்தார்கள், ஒரே முந்தானைக்குக் கீழே. யார் உடுத்துவது என்பது மட்டும் முறை. உடுத்தியவள் நடுவில் உட்காருவாள். பிரசங்கத்தில் ஒருத்திக்குத் தூக்கம் வந்தால் மூன்று தலையும் சாயும். ஒருத்திக்குத் தும்மல் வந்தால் மூவரும் மன்னிப்புக் கேட்பதுபோலக் குனிவார்கள். பங்காருபாளையத்து மாம்பழ வண்டிகள் ஊருக்குள் வரத்தொடங்கிய ஆனி மாதத்தில், அந்த முந்தானைக்குள் நாலாவதாக ஒரு சின்னத் தலை சேர்ந்தது. தண்ணீர் தெளித்ததும் பெண்குழந்தை கோயில் அதிர அழுதது. எத்தனை சரணம் வாசித்தும் நிற்கவில்லை.

அப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ பள்ளிக்கூடம். இன்றும் காலையில் பேர் கூப்பிடும்போது ஒரு பெஞ்சில் இடம் காலியாக இருந்தால், என் பேனா சுழி போடாமல் சற்று நிற்கிறது. அந்தக் காலியிடத்தில் மாம்பழ மஞ்சளாக ஏதோ ஒன்று குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறது.