அறுவடை முடிந்ததும் எரிந்த இன்ஜின் லைட்

சம்பா அறுவடை முடிந்த வாரம், மாமியாரைக் கண் ஆபரேஷனுக்காகத் திருவாரூரிலிருந்து தஞ்சாவூருக்கு எங்கள் பழைய காரில் அழைத்துப் போனேன். பாதி வழியில் செக் இன்ஜின் லைட் எரிந்தது. வேகத்தைக் குறைத்தாலே வண்டி குலுங்கியது. அந்த லைட்டுக்காகத்தான் முந்தின நாள் ஒர்க்‌ஷாப்பில் சென்சார் மாற்றியிருந்தார்கள்.

"மெதுவாப் போயிடலாம்" என்றேன்.

"ஓரமா நிறுத்துங்க அண்ணி" என்றாள் கூட வந்திருந்த என் நாத்தனார் மாலதி. அவளும் பல வருஷமாகக் கார் ஓட்டுபவள். இன்ஜின் ஓடும்போதே பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டாள்.

"உஸ்ஸுன்னு சத்தம் கேக்குதுல்ல? எங்கேயோ காத்து உள்ள போகுது. பெட்ரோலோட காத்து அதிகமாக் கலந்தா லைட் எரியத்தான் செய்யும்."

சத்தம் வந்த ரப்பர் குழாயில் எலி கடித்த ஓட்டை இருந்தது. அறுப்பு முடிந்தால் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். காருக்குள்ளும் புகும் என்று நான் நினைத்ததில்லை. சட்டென்று மாலதி இன்ஜினை அணைத்தாள். பக்கத்திலிருந்த பெட்ரோல் குழாயும் கடிபட்டு, சூடான இன்ஜின் மேல் கசிந்துகொண்டிருந்தது.

"அம்மாவ இறக்குங்க அண்ணி" என்றாள், குரல் உயராமல்.

பஸ் ஏறி நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்விட்டோம். அவளுடைய நிதானத்தை நினைத்தால் இன்னும் வியப்புதான். இப்போதெல்லாம் அறுவடை சமயத்தில் பானெட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்கிறேன். அந்த லைட் எரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மாலதிக்குப் போன் செய்கிறேன்.